லூ கெரிக்: 1925 ஜூனுக்கு முந்தைய இரண்டு வருடம் எங்கே போயிற்று?

வலதுகளம் (கேள்வி)

அமெரிக்க பேஸ்பால் அணியான நியூயார்க் யாங்கீஸின் ஃபர்ஸ்ட் பேஸ்மேன் (முதல் பேஸில் நிற்பவர்) லூ கெரிக்கின் ஆரம்ப காலம் பற்றி எங்கே படித்தாலும் ஒரே கதைதான் வருகிறது. அதுவரை அந்த இடத்தில் ஆடிய வாலி பிப்புக்கு ஒருநாள் தலைவலி, ஆஸ்பிரின் கேட்டார், மேனேஜர் அவரை உட்காரவைத்துவிட்டு கெரிக்கை இறக்கினார், அதன்பின் 2,130 ஆட்டங்களுக்கு கெரிக் அந்த இடத்தை விடவேயில்லை என்று.

ஆனால் புள்ளிவிவரப் பட்டியலைப் பார்த்தால் 1923-லேயே யாங்கீஸுக்கு 13 ஆட்டம், சராசரி .423. 1924-இல் 10 ஆட்டம், .500. இப்படி அடித்தவரை ஏன் இரண்டு வருடம் மைனர் லீகுக்கு (மேஜர் லீகுக்குக் கீழ்மட்ட லீக்) திருப்பி அனுப்பினார்கள்? தலைவலிக் கதையில் எவ்வளவு உண்மை? 1925-க்கு முன்னால் நடந்ததைத் தேதி, எண்ணிக்கையோடு யாராவது வரிசையாகச் சொல்ல முடியுமா?

ஸ்கோர்கார்டு

முதலில் அந்த இரண்டு சராசரிகளையும் ஒதுக்கி வையுங்கள். .423 என்பது 26 அட்-பேட்டில் (அடிக்கக் கிடைத்த வாய்ப்பில்) 11 ஹிட் (அடித்து பேஸை எட்டுவது). .500 என்பது 12-இல் 6. இரண்டு வருடமும் சேர்த்து 38 அட்-பேட்தான். ஒரு வாரம் நன்றாகப் போனாலே யாருக்கும் இந்த எண் வந்துவிடும். மேனேஜர் மில்லர் ஹக்கின்ஸ் அதை வைத்து முடிவெடுக்கவில்லை, எடுத்திருக்கவும் கூடாது. இன்றைய விதிப்படி 130 அட்-பேட்டைத் தாண்டாதவரை ஒருவர் புதுமுகம்தான். அந்தக் கணக்கில் கெரிக்கின் முதல் பருவம் 1925. (புதுமுக விருது தொடங்கியதே 1947-இல் என்பதால் அவருக்கு அந்தப் பேச்சே எழவில்லை.)

இனி வரிசையாக.

பிறந்தது 1903 ஜூன் 19, மன்ஹாட்டனில். பெற்றோர் ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்கள். நான்கு குழந்தைகளில் பிழைத்தது இவர் ஒருவர்தான். நியூயார்க்கின் காமர்ஸ் உயர்நிலைப் பள்ளி அணிக்காக 1920 ஜூன் 26 அன்று சிகாகோவில் ஆடினார். இப்போது ரிக்லி ஃபீல்ட் என்று அழைக்கப்படும் மைதானம் அது. 9-வது இன்னிங்ஸில் பேஸ் மூன்றும் நிறைந்திருக்கும்போது பந்தை மைதானத்துக்கு வெளியே அடித்தார். காமர்ஸ் 12-6 என்று ஜெயித்தது. பத்திரிகைகளில் பெயர் அடிபடத் தொடங்கியது அன்றுதான்.

அடுத்து கொலம்பியா பல்கலைக்கழகம். உள்ளே போனது கால்பந்து உதவித்தொகையில், அதாவது அமெரிக்கக் கால்பந்து. வகுப்பு தொடங்கும் முன்பே ஒரு சிக்கல் வந்தது. நியூயார்க் ஜயன்ட்ஸ் மேனேஜர் ஜான் மெக்ராவின் யோசனைப்படி 1921 கோடையில் மைனர் லீகின் ஹார்ட்ஃபோர்ட் அணியில் லூயிஸ் என்ற மாற்றுப் பெயரில் காசுக்கு ஆடினார். 12 ஆட்டம், சராசரி .261. விஷயம் வெளியே வந்ததும் ஒரு வருடம் கல்லூரி விளையாட்டிலிருந்து தடை. அந்த நாளில் காசு வாங்கி ஒரு ஆட்டம் ஆடினாலும் கல்லூரி வீரர் தகுதி போய்விடும். 18 வயதுப் பையனுக்கு அது தெரியாமல் இருந்திருக்கலாம். மெக்ராவுக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை.

தடை முடிந்து 1922-இல் கால்பந்து, 1923 வசந்தத்தில் பேஸ்பால். அங்கே அவர் பிட்சராகவும் (பந்து வீசுபவர்) ஆடினார், ஃபர்ஸ்ட் பேஸிலும் நின்றார். 1923 ஏப்ரல் 18, அதே நகரத்தில் யாங்கீ ஸ்டேடியம் திறக்கப்பட்ட நாள். அன்று வில்லியம்ஸ் கல்லூரிக்கு எதிராக 17 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார், கொலம்பியா தோற்றது. யாங்கீஸுக்கு ஆள் தேடும் ஸ்கவுட் பால் கிரிச்செலைக் கவர்ந்தது இந்தப் பிட்சிங் அல்ல, அவர் பந்தை அடித்த விதம். அந்த மாதக் கடைசியிலேயே 1,500 டாலர் போனஸோடு ஒப்பந்தம் ஆனது. வீட்டில் நோயும் பணமுடையும் இருந்ததால் படிப்பை முடிக்காமல் கையெழுத்திட்டார்.

1923 ஜூன் 15 அன்று யாங்கீஸுக்கு முதல் ஆட்டம். பெரும்பாலும் பெஞ்சில்தான். ஆகஸ்டில் ஹார்ட்ஃபோர்டுக்கு அனுப்பினார்கள், இந்தத் தடவை சொந்தப் பெயரில். 59 ஆட்டம், .304, 24 ஹோம் ரன் (பெரும்பாலும் பந்தைச் சுவருக்கு அப்பால் அடிப்பது). மறுபடி மேலே வந்து செப்டம்பர் 27 அன்று பாஸ்டன் ஃபென்வே பார்க்கில் முதல் மேஜர் லீக் ஹோம் ரன்.

1924-இல் ஏறக்குறைய முழுப் பருவமும் ஹார்ட்ஃபோர்டில்: 134 ஆட்டம், .369, 37 ஹோம் ரன். அந்த வருடத்தைத்தான் நான் கெரிக்கின் உண்மையான தொடக்கம் என்பேன். அதில் 500-க்கு மேல் அட்-பேட் இருக்கிறது. யாங்கீஸில் அவர் பார்த்த 12 அட்-பேட்டை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஏன் திருப்பி அனுப்பினார்கள் என்ற கேள்விக்கும் பதில் அங்கேயே இருக்கிறது. ஃபர்ஸ்ட் பேஸில் பிப் நன்றாக ஆடிக்கொண்டிருந்தார். 1916, 1917 இரண்டு வருடமும் அமெரிக்கன் லீகில் அதிக ஹோம் ரன் அவருடையது (12, 9, பேப் ரூத் அப்போது பாஸ்டனில் பிட்சர்). 1924-இல் 19 ட்ரிபிளோடு (ஒரே அடியில் மூன்றாம் பேஸ் வரை போவது) லீகில் முதலிடம், 100-க்கு மேல் ஆர்பிஐ (தன் அடியால் வரவைத்த ரன்). யாங்கீஸ் 1921, 22, 23 என்று தொடர்ந்து மூன்று முறை லீகை வென்ற அணி. அப்படிப்பட்ட அணியில் 21 வயதுப் பையனுக்காக அவரை எந்த மேனேஜரும் எடுக்கமாட்டார். பெஞ்சில் உட்காரவைத்தால் மாதத்துக்கு ஐந்தாறு அட்-பேட். ஹார்ட்ஃபோர்டுக்கு அனுப்பினால் ஒரு நாளைக்கு நான்கு. அடிக்கிற பையனை வளர்க்க வேறு வழி கிடையாது.

பழையபாக்ஸ்ஸ்கோர்

மேலே சொன்னதோடு 1923 உலகத் தொடரையும் சேர்க்க வேண்டும். பருவக் கடைசியில் பிப்புக்குக் கணுக்காலில் அடி. தொடரில் கெரிக்கை ஆடவைக்க ஹக்கின்ஸ் விரும்பினார். செப்டம்பர் 1-க்குப் பிறகு அணிக்கு வந்தவரைச் சேர்க்க எதிரணியின் சம்மதம் வேண்டும் என்று கமிஷனர் லேண்டிஸ் விட்டுவிட்டார். எதிரணி ஜயன்ட்ஸ். அதன் மேனேஜர் மெக்ரா முடியாது என்றார். பிப் கணுக்காலில் கட்டுப்போட்டு ஆடினார், யாங்கீஸ் 4-2 என்று தன் முதல் உலகத் தொடரை வென்றது. கெரிக்கின் ஆரம்ப வாழ்க்கையில் மெக்ரா இரண்டு முறை குறுக்கே வந்தார், இரண்டும் கெரிக்குக்கு நல்லதாக இல்லை.

இனி தலைவலி. 1925 ஜூன் 2-ஐத் தனியாக எடுத்துப் பார்க்கக் கூடாது, அந்தப் பருவத்தைப் பார்க்க வேண்டும். இதற்குள் யாங்கீஸுக்கு வந்திருந்த ரூத் வசந்தத்தில் வயிற்று நோயால் அறுவை சிகிச்சைக்குப் போய் ஜூன் 1-ஆம் தேதிதான் களத்துக்குத் திரும்பினார். அணி கீழே கிடந்தது. கடைசியில் 69 வெற்றி, 85 தோல்வியோடு 7-வது இடத்தில்தான் முடித்தது. பிப்பின் சராசரி .250-க்குக் கீழே போய்விட்டது. ஜூன் 2 அன்று ஹக்கின்ஸ் மாற்றியது பிப்பை மட்டுமல்ல. செகண்ட் பேஸில் ஆரன் வார்ட், கேட்சர் வாலி ஷாங் இருவரையும் அன்றே உட்காரவைத்தார். மூவருக்கும் ஒரே நாளில் தலைவலி வந்திருக்காது. அடிக்காத ஆட்களை மாற்றினார், அவ்வளவே.

தலைவலிக் கதைக்கு வேர் இருக்கக்கூடிய இடம் ஒன்று உண்டு. சரியாக ஒரு மாதம் கழித்து, ஜூலை 2 அன்று பேட்டிங் பயிற்சியின்போது சார்லி கால்ட்வெல் வீசிய பந்து பிப்பின் தலையில் பட்டது. ஹெல்மெட் இல்லாத காலம். மருத்துவமனையில் சேர்த்தார்கள். அதற்கு முன்பே கெரிக் ஒரு மாதமாக ஃபர்ஸ்ட் பேஸில் இருக்கிறார். இந்த அடியும் ஜூன் 2 மாற்றமும் பிற்காலத்தில் ஒரே கதையாகச் சேர்ந்துவிட்டன என்பதே பொருத்தமான விளக்கம். பிப்பைச் சோம்பேறி போலச் சித்தரிப்பது அநியாயம். அடுத்த பருவத்தில் சின்சினாட்டிக்குப் போய் .291 அடித்தவர் அவர்.

இன்னொரு விவரமும் அடிக்கடி தவறாக வருகிறது. 2,130 என்ற கணக்கு ஜூன் 2-இல் தொடங்கவில்லை. ஜூன் 1 அன்று ஷார்ட் ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்பவர்) பீ-வீ வானிங்கருக்குப் பதில் பிஞ்ச் ஹிட்டராக (மாற்று பேட்டராக) வந்தாரே, அதுதான் முதல் ஆட்டம். அந்த வானிங்கர் யார் என்றால், ஒரு மாதத்துக்கு முன் எவரெட் ஸ்காட்டின் இடத்தில் இறக்கப்பட்டு, ஸ்காட்டின் 1,307 தொடர் ஆட்டங்களை முடிவுக்குக் கொண்டுவந்தவர். அந்த நாள் வரை சாதனையே அந்த 1,307-தான். ஜூன் 2 அன்று வாஷிங்டனுக்கு எதிராக கெரிக் 5 அட்-பேட்டில் 3 ஹிட். யாங்கீஸ் 8-5 வெற்றி.

அதன்பிறகும் அவர் இடம் உடனே உறுதியாகிவிடவில்லை. தொடக்கத்தில் சில ஆட்டங்களில் அவரைப் பாதியில் எடுத்துவிட்டு வேறு பேட்டரை அனுப்பியிருக்கிறார்கள். பெயர்ப்பட்டியலில் தினமும் எழுதப்படும் ஆளாக அவர் ஆனது போகப்போகத்தான்.

வலதுகளம்

மிகவும் நன்றி, இப்போது வரிசை தெளிவாகிவிட்டது. ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. ஹார்ட்ஃபோர்டில் பேட்டிங் பழகினார் என்பது புரிகிறது. ஃபர்ஸ்ட் பேஸில் ஃபீல்டிங் என்று பெரிதாகப் பழக என்ன இருக்கிறது? அங்கே நிற்பவருக்கு மற்றவர்கள் எறிவதைப் பிடிப்பதுதானே வேலை?

மூன்றாம்எண்

ஸ்கோர் புத்தகத்தில் ஃபர்ஸ்ட் பேஸ்மேனுக்கு எண் 3. ஒரு பருவத்தின் புத்தகத்தைப் புரட்டினால் பிட்சர், கேட்சர் தவிர வேறு யாரையும்விட அந்த எண்தான் அதிகம் தென்படும். சுலபமான இடம் என்று தோன்றுவதே அங்கே சரியாக நிற்பவர்களால்தான்.

கெரிக் இடதுகைக்காரர், அடிப்பதும் எறிவதும். இடதுகையால் எறிபவருக்கு செகண்ட் பேஸ், ஷார்ட் ஸ்டாப், தேர்ட் பேஸ் மூன்றும் அடைப்பு. அங்கிருந்து முதல் பேஸுக்கு எறிய உடம்பை முழுவதும் திருப்ப வேண்டும், அரை விநாடி போய்விடும். மிச்சம் பிட்சர், ஃபர்ஸ்ட் பேஸ், அவுட்ஃபீல்ட். ஃபர்ஸ்ட் பேஸில் இடதுகை லாபம்: மிட் (பந்து பிடிக்கும் கையுறை) வலது கையில் இருப்பதால் செகண்ட் பேஸ் பக்க இடைவெளியை அது மூடும், பந்தைப் பிடித்தவுடன் உடம்பைத் திருப்பாமல் இரண்டாம் பேஸுக்கு எறியலாம், ரன்னரைத் தொடும்போது மிட் ஏற்கெனவே பேஸுக்கு மேலே இருக்கும்.

புதியவர்கள் தவறுவது பெரும்பாலும் காலில்.

பந்து தரையில் உருண்டதும் முதல் வேலை பேஸுக்கு ஓடுவது. குதிகாலால் பேஸை உணர்ந்து, எறியப்போகிறவரைப் பார்த்துத் திரும்பி, இரண்டு காலையும் பேஸின் உள்விளிம்புக்கு முன்னால் வைத்து நிற்க வேண்டும். இன்னும் காலை நீட்டக் கூடாது. இங்கேதான் அநேகம் பேர் கெட்டுப்போகிறார்கள். பந்து கையைவிட்டுப் புறப்படும் முன்பே நீட்டிவிடுகிறார்கள், எறிவு இரண்டடி விலகி வந்தால் அந்த நிலையிலிருந்து நகரவே முடியாது. பந்து எந்தப் பக்கம் வருகிறது என்று தெரிந்த பிறகுதான் மிட் இருக்கும் பக்கத்துக் காலை அதை நோக்கி நீட்ட வேண்டும். கெரிக் மாதிரி இடதுகைக்காரருக்கு நீட்டுவது வலது கால், பேஸில் இருப்பது இடது கால். அதுவும் பேஸின் மேல் அல்ல, விளிம்பில், முன்பாதம் மட்டும் படும்படி. மேலே வைத்தால் ஓடிவருபவரின் ஷூ ஆணி குதிகாலில் ஏறும்.

எறிவு கைக்கு எட்டாது என்று தெரிந்தால் பேஸை விட்டுவிட்டுப் பந்தை மறிக்க வேண்டும். பேஸை விடமாட்டேன் என்று நின்றால் பந்து பின்னால் போய் ரன்னர் இரண்டாம் பேஸில் நிற்பார். ஒரு பேஸ் கொடுப்பது இரண்டு பேஸ் கொடுப்பதைவிட மேல். சொல்ல எளிது, இந்த முடிவை எடுக்கக் கிடைப்பது அரை விநாடி.

தரையில் பட்டு எழும் எறிவு மூன்று வகை. காலடியில் பட்டு உடனே எழுவதை மிட்டைக் கீழிருந்து மேலாகக் கொண்டுபோய் அப்போதே எடுத்துவிட வேண்டும். தூரத்தில் பட்டு மெதுவாக எழுவதற்குக் காத்திருக்கலாம். இரண்டுக்கும் நடுவில் பட்டு நெஞ்சுக்கு வருவதுதான் ஆபத்து. அதை உண்டாக்குவது பெரும்பாலும் பிடிப்பவரின் கால்தான். ஓரடி முன்னே நீட்டினாலோ, நீட்டாமல் நின்றாலோ அதையே நல்ல துள்ளலாக மாற்றலாம்.

அதற்கப்புறம் வலது பக்கம் வரும் பந்துகள். கல்லூரியிலிருந்து வரும் துடியான பையன் எல்லாவற்றுக்கும் பாய்வான். செகண்ட் பேஸ்மேன் எடுக்கவேண்டிய பந்துக்கு இவன் போய்விட்டால் முதல் பேஸ் காலி. பிட்சர் ஓடிவந்து மூடவேண்டும், அவர் தாமதித்தால் எல்லாரும் பத்திரம். எந்தப் பந்து தனது, எது அடுத்தவருடையது என்பது ஒவ்வொரு செகண்ட் பேஸ்மேனோடும் ஆடி ஆடித்தான் தெரியும். தானே பந்தை எடுத்துப் பிட்சருக்குக் கொடுப்பதற்கும் முறை உண்டு: கீழ்க்கையால், நெஞ்சு உயரத்தில், அவர் பேஸை மிதிப்பதற்கு ஓரிரு தப்படி முன்பே பந்து கையில் போய்ச் சேர வேண்டும். பேஸையும் பந்தையும் ஒரே நேரத்தில் தேடவைத்தால் பிட்சர் தடுமாறுவார்.

3-6-3 டபுள் ப்ளே (6 என்பது ஷார்ட் ஸ்டாப்; ஒரே பந்தில் இரண்டு அவுட்) இதற்கெல்லாம் மேல். பந்தை எடுத்து, ரன்னரின் முதுகில் படாதபடி இரண்டாம் பேஸுக்கு எறிந்து, திரும்ப ஓடிவந்து பேஸைக் கண்டுபிடித்து, திருப்பி எறியப்படுவதைப் பிடிக்க வேண்டும். இப்படி ஒன்றை ஆட்டத்தில் செய்ய ஹார்ட்ஃபோர்டில் 134 ஆட்டம் கிடைத்தது. யாங்கீஸ் பெஞ்சில் அது கிடைத்திருக்காது. கொலம்பியாவில் பாதி நாள் பிட்சராக இருந்தவருக்கு இது அவசியமான காலம்.

ஸ்கோர்கார்டு

பேட்டிங் எப்படி வளர்ந்தது என்பதையும் பார்க்கலாம், ஏனென்றால் 1927-ஐ மட்டும் பார்ப்பவர்களுக்கு அது திடீரென்று வந்ததுபோலத் தோன்றும்.

1925: 126 ஆட்டம், .295, 20 ஹோம் ரன், 68 ஆர்பிஐ. ஜூலை 23 அன்று வாழ்க்கையின் முதல் கிராண்ட் ஸ்லாம் (பேஸ் மூன்றும் நிறைந்திருக்கும்போது அடிக்கும் ஹோம் ரன்). வாழ்நாளில் மொத்தம் 23 கிராண்ட் ஸ்லாம் அடித்தார், அந்தச் சாதனை 2013 வரை நின்றது.

1926: 155 ஆட்டம், .313, 47 டபுள், 20 ட்ரிபிள், 16 ஹோம் ரன். ட்ரிபிளில் லீகில் முதலிடம். ஹோம் ரன் குறைந்ததைப் பார்த்துச் சரிவு என்று நினைக்கவேண்டாம். அவர் பந்தை உயரத் தூக்கி அடிப்பவரல்ல, தட்டையாக, வேகமாக, எல்லாப் பக்கமும் அடிப்பவர். அன்றைய யாங்கீ ஸ்டேடியத்தில் வலது கோட்டு ஓரம் 295 அடிதான், ஆனால் இடது-நடுவில் 460 அடி, நேர் நடுவில் 490 அடி. இன்னொரு மைதானத்தில் சுவரைத் தாண்டும் அடி இங்கே அவுட்ஃபீல்டர்களுக்கு நடுவே உருண்டு ட்ரிபிளாகும். வலது ஓரத்தைப் பயன்படுத்தி அடிக்கப் பழகியதும் அந்த 67 டபுள்-ட்ரிபிள்களில் ஒரு பங்கு சுவருக்கு அப்பால் போய்விழுந்தது. அந்த வருட உலகத் தொடரில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸிடம் 4-3 என்று தோற்றார்கள், கெரிக் .348.

1927: .373, 52 டபுள், 18 ட்ரிபிள், 47 ஹோம் ரன், 170-க்கு மேல் ஆர்பிஐ. ரூத் 60 அடித்த அதே வருடம். லீகின் மதிப்புமிக்க வீரர் விருது கெரிக்குக்கு. ஒருமுறை வாங்கியவருக்கு மறுமுறை கிடையாது என்ற விதி அப்போது இருந்தது, ரூத் 1923-லேயே வாங்கிவிட்டார். அதற்காக விருதின் மதிப்பு குறையாது: 117 எக்ஸ்ட்ரா பேஸ் ஹிட் (டபுள், ட்ரிபிள், ஹோம் ரன் சேர்த்து) எந்த வருடத்திலும் விருதுக்குரிய பருவம்தான்.

புகைப்படங்களில் தேதி பார்ப்பவர்களுக்கு: முதுகில் 4 என்ற எண் இருந்தால் அது 1929 அல்லது அதற்குப் பிந்தையது. யாங்கீஸ் அந்த வருடம்தான் பேட்டிங் வரிசைப்படி எண் கொடுத்தது. இந்த இழையில் பேசும் காலத்துப் படம் எதிலும் எண் இருக்காது.

சிட்டிசன்ஸ்பார்க்

இதே நிலைமை 80 வருடம் கழித்து ஃபிலடெல்ஃபியாவில் நடந்தது, ஒப்பிட்டால் ஹக்கின்ஸ் செய்தது இன்னும் புரியும். ரையன் ஹவர்ட், 2001 டிராஃப்டில் (அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை) 5-வது சுற்று. 2004-இல் மைனர் லீகில் மட்டும் 46 ஹோம் ரன், அதில் 37 ரெடிங் அணிக்கு. ஆனால் மேலே ஃபர்ஸ்ட் பேஸில் ஜிம் தோமே, 6 வருடம், 85 மில்லியன் டாலர் ஒப்பந்தத்தில். ஹவர்டை அவுட்ஃபீல்டில் நிறுத்திப் பார்த்தார்கள், பொருந்தவில்லை.

ஃபர்ஸ்ட் பேஸில் மாட்டிக்கொள்பவரின் கஷ்டம் இதுதான். ஷார்ட் ஸ்டாப்பில் இடமில்லை என்றால் செகண்ட், தேர்ட் என்று நகரலாம். ஃபர்ஸ்ட் பேஸிலிருந்து நகர இடம் கிடையாது, மற்ற இடங்களிலிருந்து ஆட்கள் வந்துசேரும் கடைசி இடம் அது. அமெரிக்கன் லீகில் 1973 முதல் பேட்டிங்குக்கு மட்டும் ஒருவரை வைக்கலாம். ஃபிலடெல்ஃபியா ஆடும் தேசிய லீகில் அப்போது அந்த வழியும் இல்லை. மூத்தவர் காயப்படவேண்டும், சரியவேண்டும், அல்லது விற்கப்படவேண்டும். 2005-இல் தோமேயின் முழங்கை கெட்டது. ஹவர்ட் 88 ஆட்டத்தில் .288, 22 ஹோம் ரன் அடித்துப் புதுமுக விருது வாங்கினார், அந்த நவம்பரில் தோமே சிகாகோ வைட் சாக்ஸுக்கு மாற்றப்பட்டார். 2006-இல் ஹவர்ட் 58 ஹோம் ரன், 149 ஆர்பிஐ.

ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. ஹவர்ட் முழுநேர ஆட்டக்காரர் ஆனபோது அவருக்கு 25 வயது. 1925 ஜூனில் கெரிக்குக்கு 22 கூட முடியவில்லை. ஆகவே அந்த இரண்டு வருடம் வீணானது என்ற எண்ணம் இருந்தால் வயதையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஹார்ட்ஃபோர்டில் 37 ஹோம் ரன் அடித்த பருவத்தில் அவர் பட்டப்படிப்பின் மூன்றாம் ஆண்டை முடித்திருக்கவேண்டிய வயதுக்காரர்.